பூங்காவும் வீட்டுப் பத்திரமும்

2024 ஜனவரி 3ஆம் தேதி இரவு, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் நூற்றுக்கணக்கான போலீசார் ஒரு பூங்காவைச் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். சிலரைக் கைது செய்தார்கள். பின்னாலேயே லாரிகள் வந்தன. துறைமுகத்தில் பார்க்கிறோமே, அந்தச் சரக்குக் கன்டெய்னர்கள். சுமார் 160 பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, 2.8 ஏக்கர் நிலத்தைச் சுற்றி இரும்பு மதில் எழுப்பினார்கள். நிலம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அங்கே சுமார் 1,100 மாணவர்கள் தங்க விடுதி கட்ட வேண்டும், வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்கள் நூறு பேருக்கு மேல் தங்கத் தனிக் கட்டடமும் வேண்டும் என்பது அதன் திட்டம்.

இதே நிலத்துக்கு 1969 மே 15 அன்றும் விடிவதற்கு முன்பே போலீஸ் வந்தது. அங்கிருந்த வீடுகளைப் பல்கலைக்கழகம் கையகப்படுத்தி இடித்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கட்டாமல் சேறாகப் போட்டு வைத்திருந்த மனை அது. அந்த ஏப்ரல் 20 அன்று மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் மண்வெட்டியோடு வந்து செடி நட்டார்கள், புல் பதித்தார்கள், ‘மக்கள் பூங்கா’ என்று பெயர் வைத்தார்கள். நாலு வாரம்கூட ஆகவில்லை. காலையில் வேலி ஏறியது. மதியம் ஊர்வலம் கிளம்பியது. ஷெரிப்பின் ஆட்கள் கூட்டத்தின்மேல் சுட்டார்கள். டெலிகிராப் அவென்யூவில் ஒரு மொட்டை மாடியில் நின்றிருந்த ஜேம்ஸ் ரெக்டர் என்ற 25 வயது இளைஞர் குண்டடிபட்டு நான்கு நாளில் இறந்தார். இன்னொருவருக்குக் கண் பார்வை போயிற்று. ஆளுநர் ரொனால்ட் ரீகன் தேசியக் காவல் படையை நகரத்துக்குள் இறக்கினார். வளாகத்தின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப் புகை கொட்டியது.

இரண்டு இரவுகளுக்கும் இடையே ஏறக்குறைய 55 ஆண்டுகள். முதல் முறை, நிலம் யாருடையது என்று கேட்டவர்கள் இளைஞர்கள். இரண்டாம் முறை, விடுதி வேண்டாம் என்று நீதிமன்றப் படி ஏறியவை குடியிருப்போர் அமைப்புகள். அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்று இது: மாணவர்கள் இரவில் கூட்டம் போட்டுச் சத்தம் போடுவார்கள், சத்தமும் சுற்றுச்சூழல் கேடுதான், அதைப் பல்கலைக்கழகம் ஆராயவில்லை. 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது.

வழக்குப் போட்டவர்கள் எல்லோரும் அன்றைய போராளிகள் என்று நான் சொல்லவில்லை. விடுதியை எதிர்த்துப் பூங்காவுக்குள் உட்கார்ந்தவர்களில் இன்றைய மாணவர்களும் உண்டு. தலைமுறைக் கதைகள் இப்படித்தான்: நேராக ஒரு கோடு இழுத்தால் அரை மைலில் அறுந்துவிடும். ஆனாலும் அமெரிக்காவின் ‘பேபி பூமர்’ தலைமுறை எதை நம்பியது, எதை விட்டுச் செல்கிறது, அவர்கள் பிள்ளைகள் எதைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேட்பவருக்கு இந்த 2.8 ஏக்கரைவிடப் பொருத்தமான இடம் அந்த நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

*

இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிய 1946இல் தொடங்கி 1964 வரை அமெரிக்காவில் பிறந்த சுமார் 7.6 கோடிப் பேரைத்தான் பேபி பூமர்கள் என்கிறார்கள். உச்சம் 1957, அந்த ஓர் ஆண்டில் மட்டும் 43 லட்சம் குழந்தைகள். இவர்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் 1981க்கும் 1996க்கும் இடையே பிறந்த மில்லேனியல்கள். நடுவே பிறந்த ‘எக்ஸ்’ தலைமுறையை எல்லோரும் மறந்துவிடுவது வழக்கம். இடத்தை மிச்சப்படுத்த நானும் அதையே செய்கிறேன்.

பூமர்களின் அரசியல் ஆயுள் எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு கணக்கு. பில் கிளின்டன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ், டொனால்ட் டிரம்ப் மூவரும் 1946 ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, பத்து வாரத்துக்குள் பிறந்தவர்கள். முதலாமவர் 46 வயதில், 1993இல் பதவி ஏற்றார். அவரைவிட இரண்டு மாதம் மூத்தவர் 2025இல், 78 வயதில், இரண்டாம் முறை பதவி ஏற்றார். ஒரே கோடையில் பிறந்த மூன்று பேரின் கையில் முப்பது ஆண்டு அரசியலின் பெரும்பகுதி.

தலைமுறை என்பது அளவுகோலாகுமா என்ற சந்தேகம் பழையது. ஜெர்மானியச் சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928இலேயே சொல்லிவிட்டார்: ஒரே ஆண்டில் பிறப்பதால் மட்டும் ஒரு தலைமுறை உருவாகாது, இளம் வயதில் ஒரே வரலாற்று அதிர்ச்சியை அனுபவித்திருக்க வேண்டும், அப்போதும் அதற்குள் ஒன்றுக்கொன்று எதிரான அணிகள் இருக்கும் என்று. தலைமுறை முத்திரைகளைப் பரப்பியதில் பெரும்பங்கு கொண்ட பியூ ஆய்வு மையமே, சமூகவியலாளர்கள் ஆட்சேபித்த பிறகு, 2023இல் இனி இவற்றைக் கவனத்தோடு மட்டுமே கையாளுவோம் என்று அறிவித்தது. வயதாவதால் வரும் மாற்றம், காலம் மாறுவதால் எல்லோருக்கும் வரும் மாற்றம், இன்ன காலத்தில் பிறந்ததால் ஒட்டிக்கொண்ட குணம் ஆகிய மூன்றையும் பிரித்தெடுப்பது லேசான காரியமல்ல.

ஓர் உதாரணம். வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதை ஏற்கிறீர்களா என்று கேலப் நிறுவனம் 1958இல் கேட்டபோது ஆம் என்றவர்கள் 4 சதவீதம். 2021இல் 94 சதவீதம். இதை இளைஞர்கள் மட்டும் சாதிக்கவில்லை. தாத்தாவும் மாறினார், பேரனும் மாறினான். பூமர்களின் வாழ்நாளுக்குள் நடந்த மிகப் பெரிய மன மாற்றங்களில் இது ஒன்று. ஆனால் இதைத் தொடங்கியவர்கள் அவர்கள்தானா? மார்ட்டின் லூதர் கிங் 1929இல் பிறந்தவர். பெண்ணிய இயக்கத்தின் பெட்டி ஃப்ரீடன் 1921, குளோரியா ஸ்டைனம் 1934. பாப் டிலன் 1941. பெர்க்லியில் 1964இல் கருத்துரிமை இயக்கத்தை நடத்திய மாரியோ சாவியோ 1942. அறுபதுகளின் மேடையில் மைக் பிடித்தவர்கள் பெரும்பாலும் பூமர்களின் அண்ணன்மாரும் அக்காமாரும். 1964இல் சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறியபோது மூத்த பூமருக்கே வயது பதினெட்டு, பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுரிமை கிடையாது. நாடு முழுவதும் பதினெட்டு வயதில் ஓட்டு என்பது 1971இல்தான் வந்தது.

கூட்டம் சேர்த்தவர்கள் இவர்கள். அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. வியட்நாமில் இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களில் பெரும்பகுதி இவர்கள் வயதினர். 1969 டிசம்பர் 1 அன்று தொலைக்காட்சியில் ஒரு கண்ணாடிக் குடுவையிலிருந்து பிறந்த தேதிகளைச் சீட்டெடுத்து, யாரை முதலில் போருக்கு அனுப்புவது என்று அரசாங்கம் முடிவு செய்தது. முதலில் வந்த சீட்டு செப்டம்பர் 14. தன் பிறந்த நாளை அப்படி ஒரு குடுவைக்குள் பார்த்த பையன் அதிகாரத்தை நம்ப மறுத்ததில் என்ன வியப்பு?

*

அந்த வயதில் அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நினைவுக் குறிப்புகளைவிட நம்பகமான சாட்சி ஒன்று இருக்கிறது. அலெக்சாண்டர் ஆஸ்டின் என்ற கல்வியாளர் 1966இல் தொடங்கிய கருத்துக் கணிப்பு. கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களிடம் நாடு முழுவதும் ஒரே கேள்விகளை ஆண்டுதோறும் கேட்பார்கள். வாழ்க்கையில் உனக்கு எது முக்கியம்? 1967இல் சுமார் 85 சதவீதம் மாணவர்கள், வாழ்வுக்குப் பொருள் தரும் ஒரு தத்துவத்தை வளர்த்துக்கொள்வது முக்கியம் என்றார்கள். பணவசதியோடு இருப்பது முக்கியம் என்றவர்கள் பாதிக்கும் குறைவு. இருபது ஆண்டு கழித்து, 1987இல், பணம் என்றவர்கள் சுமார் 75 சதவீதம். தத்துவம் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது.

இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட இடத்தை நான் முதலில் கவனிக்கவில்லை. அது 1970களின் பிற்பகுதி. அந்த ஆண்டுகளில் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 1960ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்களும் பூமர்கள்தான். அப்பாக்கள் கனவு கண்டார்கள், பிள்ளைகள் காசை எண்ணினார்கள் என்ற வழக்கமான கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது. மாற்றம் ஒரே தலைமுறைக்குள், அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே நடந்திருக்கிறது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1981இல் வீட்டுக் கடன் வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. கடைசி பூமர்கள் பதினெட்டு வயதைத் தொட்ட 1982இன் இறுதியில் வேலையில்லாதோர் 10.8 சதவீதம். ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்ற அரசியல் அறிஞர் 1970களில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்: சோற்றுக்கும் பாதுகாப்புக்கும் குறைவில்லாமல் வளர்ந்தவர்கள் சுதந்திரம், தன்வெளிப்பாடு, சுற்றுச்சூழல் என்று நினைக்கத் தொடங்குவார்கள், பற்றாக்குறையில் வளர்ந்தவர்களுக்கு முதலில் கஜானாவும் காவலும்தான் வேண்டும். மூத்த பூமர்கள் முதல் வகையை வாழ்ந்து காட்டினார்கள். இளைய பூமர்கள் அதே கோட்பாட்டின் மறுபக்கத்தை.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதை வருமானக் கணக்கில் காட்டுகிறது. பிள்ளைகள் முப்பது வயதில், தம் பெற்றோர் ஏறக்குறைய அதே வயதில் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார்களா என்பது கேள்வி. 1940இல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தாண்டினார்கள். 1950இல் பிறந்தவர்களில் சுமார் 79. 1960இல் சுமார் 62. 1980களில் பிறந்தவர்களில் பாதிப் பேர். சரிவின் பெரும்பகுதியைப் பூமர்களே அனுபவித்துவிட்டார்கள். நாட்டின் மொத்த வளர்ச்சி குறைந்ததைவிட, வந்த வளர்ச்சி மேல்தட்டிலேயே தங்கிவிட்டதுதான் இந்தச் சரிவுக்குப் பெரிய காரணம் என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

அப்படியானால் இன்றைய பிள்ளைகளின் கோபம் எதன் மேல்? என் பதில்: வீட்டின் மேல்.

*

நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களாகக் கிடந்த இடத்தில் 1947இல் லெவிட் கம்பெனி வீடு கட்டத் தொடங்கியது. மோட்டார் கம்பெனியில் கார் வந்து நிற்கும், ஆட்கள் ஆளுக்கொரு வேலையைச் செய்வார்கள். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு குழு தளம் போடும், அடுத்தது சட்டம் நிறுத்தும், இன்னொன்று பெயின்ட் அடித்துக்கொண்டே போகும். வேகம் பிடித்தபோது நாளொன்றுக்கு முப்பது வீடு. அளவு 750 சதுர அடி: இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, பிற்பாடு பிள்ளைகள் பெருகினால் தடுத்துக்கொள்ள மேலே பூசாத பரண். சமையலறையில் அடுப்பும் துணி துவைக்கும் மிஷினும் கம்பெனியே வைத்துக் கொடுத்தது. 1949இல் வந்த சற்றுப் பெரிய மாடலின் விலை 7,990 டாலர். போருக்குப் போய் வந்தவருக்கு, 1944ஆம் ஆண்டுப் படைவீரர் சட்டத்தின் புண்ணியத்தில், முன்பணம் எதுவும் இல்லை. மாதம் 58 டாலர் கட்டினால் போதும். 1951க்குள் 17,000 வீடுகளுக்கு மேல் எழுந்துவிட்டன. நாட்டில் சொந்த வீட்டில் இருப்போர் 1940இல் 44 சதவீதம், 1960இல் 62 சதவீதம். பூமர்கள் தவழ்ந்தது இந்தத் தரைகளில்.

வீட்டு ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது. வேலைக்காரராக இருந்தால் மட்டும் விலக்கு. படைவீரர் கடன் காகிதத்தில் எல்லோருக்கும் பொது. நடைமுறையில், 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் அரசு உத்தரவாதம் தந்த 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. இரண்டு சதவீதம் அல்ல, இரண்டே கடன். பூமர் தலைமுறையின் அதிர்ஷ்டம் என்று பேசும்போது எந்தப் பூமர் என்று உடனே கேட்க வேண்டியிருக்கிறது.

நம் வழக்கில் சொத்தை இரண்டாகப் பிரிப்போம்: பூர்வீகம், சுயார்ஜிதம். அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை முழுக்கச் சுயார்ஜிதக் கதை. அப்பன் யார் என்று கேட்காத தேசம், வெறுங்கையோடு வந்தவன் முன்னேறும் தேசம். அறுபதுகளின் இளைஞர் கலகமும் அந்தக் கதையின் தீவிரமான வடிவம்தான்: பிறப்பால் வந்த நிறம், பால், குடும்பம், மதம் எதுவும் என்னைத் தீர்மானிக்காது என்பது. அந்தத் தலைமுறையின் சுயார்ஜிதம் அவர்கள் கண் முன்னாலேயே பூர்வீகமாக மாறியது எப்படி என்பதைக் கலிபோர்னியாவின் வீட்டு வரிச் சட்டம் ஒன்றில் பார்க்கலாம்.

1970களில் அங்கே வீட்டு விலை தாவி ஏறியது. விலை ஏறினால் மதிப்பீடு ஏறும், வரியும் ஏறும். ஓய்வூதியத்தில் வாழும் கிழவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்க நேருமோ என்று பயந்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஹோவர்ட் ஜார்விஸ் என்ற முதியவர் அதை இயக்கமாக்கினார். 1978 ஜூன் 6 அன்று, மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிய பெரும்பான்மையோடு, ‘13ஆம் பிரேரணை’ மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. அதன்படி வீட்டின் மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்கு இறக்கப்படும். வரி அதில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. வீடு கைமாறினால்தான் புது விலைக்கு மறுமதிப்பீடு.

ஜார்விஸ் 1903இல் பிறந்தவர், பூமர் அல்ல. 1978இல் மூத்த பூமருக்கு 32 வயது. அப்போதுதான் முதல் வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தை எழுதியவர்கள் அவர்கள் அல்ல, அதன் நிழலில் நீண்ட காலம் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை 1975இல் 50,000 டாலருக்கு வாங்கியவர் இன்னும் அதிலேயே இருக்கிறார். ஐம்பது ஆண்டுகள் முழுசாக 2 சதவீதம் ஏற்றினாலும் வரிக் கணக்கில் அவர் வீட்டின் மதிப்பு சுமார் 1,34,600 டாலர். வரி ஏறக்குறைய 1,350. பக்கத்து வீட்டைப் போன மாதம் 20 லட்சம் டாலருக்கு ஓர் இளம் தம்பதி வாங்கினார்கள். அவர்கள் வரி 20,000. அதே குப்பை வண்டி, அதே தெரு விளக்கு, அதே பள்ளிக்கூடம். பதினைந்து மடங்கு வித்தியாசம். சன்னிவேலிலும் ஃப்ரீமாண்டிலும் வீடு வாங்கியிருக்கும் தமிழ் மென்பொருள்காரர்கள் இதை விளக்கச் சொன்னால் நம்மை உட்கார வைத்து விளக்குவார்கள். கவுண்டி இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் பக்கத்து வீட்டின் வரியும் தெரிந்துவிடும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும் விவரங்களில் அதுவும் ஒன்று.

லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 1988இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய ஒரு பெண், தன்னைப் போன்ற வீடு வைத்திருந்த பழைய அண்டை வீட்டாரைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வரி கட்டுவதைக் கண்டு வழக்குப் போட்டார். 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. மாறுபட்ட அந்த ஒரு நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். முன்னால் வந்து இடம் பிடித்ததால் சலுகை பெறும் வீட்டுக்காரர்களுக்கு அவர் தம் தீர்ப்பில் வைத்த பெயரை நம் பேச்சில் மிராசுதார்கள் என்று சொல்லலாம். அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1986இல், இன்னொரு வாக்கெடுப்பு அந்த மிராசைப் பரம்பரையாக்கியிருந்தது: பெற்றோர் வீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்தால் மறுமதிப்பீடு கிடையாது, பழைய வரியும் கூடவே போகும். பிள்ளை அங்கே குடியிருக்காமல் வாடகைக்கு விட்டாலும் சரி. 2020இல்தான் இதைக் குறுக்கினார்கள்.

வரி குறைந்தால் யாரோ ஈடுகட்ட வேண்டும். சொத்து வரி வருமானம் உடனே பாதிக்கும் கீழே விழுந்தது. பள்ளிக்கூடச் செலவு மாநிலத்தின் தலையில் ஏறியது. மாநிலம் எதையெல்லாம் வெட்டலாம் என்று பார்த்தபோது பல்கலைக்கழகம் கண்ணில் பட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் உள்ளூர் மாணவரிடம் படிப்புக்குப் பணம் வாங்குவதில்லை என்ற மரபோடு 1868இல் பிறந்தது. 13ஆம் பிரேரணைக்கு முன்பே, 1970இல், முதல் முறையாகக் கல்விக் கட்டணம் என்று 150 டாலர் வந்திருந்தது. பிறகு அது ஏறிக்கொண்டே போயிற்று. இன்று மாநில மாணவருக்கே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு உதவித்தொகை கிடைக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கடன் வாங்குகிறார்கள். நாடு முழுவதும் கல்விக் கடன் பாக்கி சுமார் 1.7 லட்சம் கோடி டாலர்.

அந்தக் கடனைச் சுமந்தபடி வீடு தேடுகிறவருக்கு என்ன வயது? முதல் வீடு வாங்குவோரின் இடைநிலை வயது 1981இல் 29. 2024இல் 38. கலிபோர்னியாவில் வரி மட்டும் தடையல்ல. புது வீடு கட்டுவதும் எளிதாக இருக்கவில்லை. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு மட்டும் என்ற நகர விதியை நாட்டில் முதன்முதலாகக் கொண்டுவந்த ஊர்களில் ஒன்று, 1916இல், இதே பெர்க்லி. இதோடு 1970ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டமும் சேர்ந்துகொண்டது. அணைக்கட்டுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எதிராக, நல்ல மனத்தோடு, எழுதப்பட்ட சட்டம். பூமர்களின் மிக உயர்ந்த விழுமியம் அதில் இருக்கிறது. நான்கு மாடிக் குடியிருப்பு வந்தால் என் ஜன்னலில் வெயில் விழாது என்பவரும் அதே சட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்.

*

பிள்ளைகளின் பக்கம் திரும்பினால், குற்றப் பத்திரிகை பழையதாகவே இருக்கிறது. 1976இல் எழுத்தாளர் டாம் வுல்ஃப் ‘நான்’ என்ற சொல்லின் பத்தாண்டு என்று எழுபதுகளுக்குப் பெயர் வைத்தார்; 1979இல் வரலாற்றாளர் கிறிஸ்டோபர் லாஷ் சுயமோகத்தின் பண்பாடு என்று புத்தகமே எழுதினார். குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் இளம் பூமர்கள் முக்கியமானவர்கள். 2013இல் டைம் பத்திரிகை அட்டைப்படத்தில் மில்லேனியல்களுக்கு ‘நான் நான் நான் தலைமுறை’ என்று பட்டம் கட்டியது. இதே டைம்தான் 1966ஆம் ஆண்டின் மனிதராக இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட அத்தனை பேரையும் தேர்ந்தெடுத்துக் கொஞ்சியது. பத்திரிகைக்காரர்களுக்கு ஞாபகசக்தி குறைவு. எங்கள் தொழிலின் வசதி அது.

சுயமோகிகள் என்று சொல்லப்பட்டவர்கள் நடப்பில் கட்டுப்பெட்டிகளாக இருக்கிறார்கள். குற்றம் யாருடையது என்று நிரூபிக்காமலே மணவிலக்குப் பெறலாம் என்ற சட்டத்தில் 1969இல் கையெழுத்திட்டவர், மக்கள் பூங்காவுக்குப் படை அனுப்பிய அதே ரீகன். அடுத்த பத்தாண்டில் மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவையும் பின்தொடர்ந்தன. மணவிலக்கு விகிதம் 1980ஐ ஒட்டி உச்சம் தொட்டது. பூமர்கள் அந்தப் பழக்கத்தை முதுமைக்கும் எடுத்துச் சென்றார்கள்: ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரின் மணவிலக்கு விகிதம் 1990க்கும் 2010க்கும் இடையே இரட்டிப்பானது. பிள்ளைகளிடம் நேர்மாறு. 2008இலிருந்து 2016க்குள் மணவிலக்கு விகிதம் 18 சதவீதம் இறங்கியதாகச் சமூகவியலாளர் பிலிப் கோஹன் கணக்கிட்டார். இறக்கியவர்கள் இளம் பெண்கள். தாமதமாக மணக்கிறார்கள், நிலைத்து வாழ்கிறார்கள். 1970இல் பெண்ணின் முதல் திருமண வயது 21க்குள்; இன்று 28.

இது ஒழுக்கத்தின் மறுமலர்ச்சியா? எனக்கு அப்படித் தெரியவில்லை. படிப்பும் நிலையான வேலையும் உள்ளவர்கள்தான் இப்போது அதிகம் மணக்கிறார்கள். முன்பு கல்யாணத்தில் வாழ்க்கை தொடங்கியது; இப்போது வாழ்க்கை ஓரளவு அமைந்தபின் கல்யாணம். கையில் கடன் உள்ளவன் எச்சரிக்கையாக இருப்பான். 1967இல் தத்துவம் முக்கியம் என்று டிக் அடித்த கலிபோர்னிய மாணவனுக்கு, கல்விக் கட்டணம் இல்லாத கல்லூரி முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் பேத்தி பணவசதி முக்கியம் என்று டிக் அடிக்கும்போது அவளைப் பேராசைக்காரி என்பது நியாயமில்லை.

மதத்தில் மட்டும் பிள்ளைகள் பெற்றோரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். எந்த மதத்தையும் சேராதவர் என்று 2019இல் பியூவிடம் சொன்ன பூமர்கள் 17 சதவீதம், மில்லேனியல்கள் 40 சதவீதம்.

வீட்டுக்குள் நிலவரமும் தலைப்புச் செய்திகளிலிருந்து வேறு. 1965இல் அமெரிக்கத் தகப்பன் பிள்ளைகளைக் கவனிக்க வாரத்தில் ஒதுக்கியது சுமார் இரண்டரை மணி நேரம். 2016இல் எட்டு மணி. உயர்ந்துகொண்டே போன அந்தக் கோட்டின் நடுப்பகுதி பூமர் அப்பாக்களுடையது. தன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாத பையன், தன் பிள்ளையைக் கால்பந்து வகுப்புக்கு அழைத்துப் போய் வெளியே காரில் காத்திருந்தான். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், 18 முதல் 29 வயதுக்காரர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோர் வீட்டில் இருந்தார்கள். பெருமந்தத்தின் இறுதியான 1940இல்கூட இவ்வளவு இல்லை. இணையத்தில் பெரியவர்களை ‘ஓகே பூமர்’ என்று கேலியாக எழுதிவிட்டு, இரவு சாப்பாட்டுக்கு அதே பூமரின் மேசைக்குப் போகிறார்கள். மேசை அன்பானதுதான். முன்பணத்துக்கு அப்பா உதவுவார். அம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

சிக்கல் அந்த அன்பில்தான் தொடங்குகிறது. அமெரிக்கக் குடும்பச் சொத்தில் பாதிக்குமேல் இன்று பூமர்கள் கையில் என்கிறது பெடரல் ரிசர்வ் வங்கியின் கணக்கு. அவர்கள் முப்பதுகளில் இருந்த 1990இல் ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்தார்கள். மில்லேனியல்கள் ஏறக்குறைய அதே வயதை எட்டியபோது அதில் பாதிகூடத் தேறவில்லை. பூமர்கள் தலை எண்ணிக்கையிலும் பெரும் பங்கு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. 2045க்குள் மூத்தவர்களிடமிருந்து சுமார் 84 லட்சம் கோடி டாலர் கைமாறும் என்று செருல்லி என்ற நிதி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அதற்கு அங்கே மாபெரும் சொத்துக் கைமாற்றம் என்று பெயர். மில்லேனியல்களின் பிரச்சினை தீர்ந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். யாருக்குத் தீர்ந்தது? 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி வெள்ளையர் குடும்பங்களில் சுமார் 30 சதவீதத்துக்குப் பரம்பரைச் சொத்து வந்திருக்கிறது. கறுப்பர் குடும்பங்களில் 10 சதவீதத்துக்கு. லெவிட் கம்பெனி வீட்டு ஒப்பந்தத்தின் அந்த நிபந்தனை இப்போது பேரன் பேத்தி காலத்தில் வட்டியோடு வருகிறது. பூமர்களிலும் வீடில்லாதவர், சேமிப்பில்லாதவர் கோடிக்கணக்கில். அவர்கள் பிள்ளைகளுக்குக் கைமாற எதுவும் இல்லை.

நிலம் வாங்கத் தடை, கடன் மறுப்பு, கல்லூரி வாசல் மூடல் ஆகியவற்றைச் சட்டத்திலிருந்து நீக்கியதில் அந்தத் தலைமுறைக்குப் பங்கு உண்டு. 1974 வரை ஒரு பெண்ணுக்குக் கணவன் கையெழுத்தில்லாமல் கடன் அட்டை தர வங்கி மறுக்கலாம். இன்று அப்படி மறுத்தால் அது சட்டவிரோதம். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இல்லையென்றால் சன்னிவேல் தமிழர்களும் இல்லை. வாசல்கள் திறந்தன. உள்ளே நுழைய வேண்டிய தொகை ஏறியது, அந்தத் தொகை சிலருக்குத் தகப்பனிடம் இருந்தது.

*

பெர்க்லியில் 1964 அக்டோபர் 1 அன்று, வளாகத்தில் அரசியல் துண்டறிக்கை வைத்திருந்த ஒருவரைப் போலீஸ் காரில் ஏற்றியது. மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். 32 மணி நேரம் கார் நகரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் கூரைமேல் ஏறி ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். கருத்துரிமை இயக்கம் அப்படிப் பிறந்தது. அந்தச் சதுக்கத்தில் இன்று அதன் நினைவாக ஒரு கல்வட்டம் இருக்கிறது.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மக்கள் பூங்கா. பத்து வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், தன் மாணவர்களில் மிகச் சிறிய பங்குக்கே விடுதி தரும் வளாகம் பெர்க்லிதான். 2022 மார்ச்சில், குடியிருப்போர் அமைப்பு ஒன்று போட்ட வேறொரு வழக்கால் சுமார் 3,000 புதிய மாணவர்களின் சேர்க்கையே நின்றுபோகும் நிலை வந்து, சட்டமன்றம் அவசரமாகத் திருத்தம் கொண்டுவந்து காப்பாற்றியது. பூங்கா வழக்கில் சத்தமும் மாசு என்று தீர்ப்பு வந்த பிறகு, 2023 செப்டம்பரில் இன்னொரு சட்டம். குடியிருப்புகளில் வாழும் மனிதர்கள் எழுப்பும் ஒலியைச் சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கருதக் கூடாது என்று அது சொன்னது. கொண்டுவந்த உறுப்பினர் 1977இல் பிறந்தவர்.

அந்தச் சட்டத்தைக் காட்டி மாநில உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தேதி 2024 ஜூன் 6. வீட்டு வரி வாக்கெடுப்பு நடந்த அதே ஜூன் 6, தற்செயல்தான். திட்டப்படி நிலத்தில் பாதிக்குமேல் பசுமைத் திடலாகவே இருக்கும், 1969ஐ நினைவுகூர அதில் இடம் ஒதுக்குவார்கள். அந்தக் கோடையில் கன்டெய்னர் மதிலுக்கு உள்ளே அஸ்திவாரம் தோண்டத் தொடங்கினார்கள்.